சோகேசில் நின்ற போத்தல்

கணேசலிங்கத்தாரின் வீட்டுச் சோகேசில் அந்தப் போத்தல் நான்கு மாதம் நின்றது. நின்றதுதான் பிழை. இருபத்தெட்டு வருடம் பழுத்த சிவப்பு வைனைப் படுக்கவைக்க வேண்டும், இருட்டில், குளிரில், ஆடாமல் அசையாமல். இதுவோ மொன்றியலின் வசதிக்காரத் தீவான இல்-பிசாரில், வரவேற்பறை நடுவில், வரிசை விளக்குகளுக்குக் கீழே, மகனின் பட்டமளிப்புப் படத்துக்கும் சிங்கப்பூரில் வாங்கிய கண்ணாடி மயிலுக்கும் இடையில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. சோகேசுக்குக் கீழேயே ஹீற்றர். எங்கள் ஆட்களின் கையில் நல்ல போத்தல் ஒன்று அகப்பட்டால் குடிப்பதற்கு முன் அதை ஊருக்குக் காட்டியாக வேண்டும். விஸ்கி என்றால் அதனால் ஒரு கேடும் இல்லை. வைன் அப்படி இல்லை என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

தெரிந்த ஒருத்தி அதே நகரத்தின் மறுபக்கம், செயின்ட்-மிஷேலில் இருந்தாள். பெயர் கௌரி. அவளுடைய மகள் வித்தியாவைத்தான் கணேசலிங்கத்தாரின் மகன் பிரணவன் கட்டுவதாக இருந்தது.

பெப்ரவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பெண்வீட்டாரை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். காலையில் மைனஸ் இருபத்தேழு. சன்னல் கண்ணாடியின் உட்பக்கத்திலும் பனி பூத்திருந்தது. கௌரியின் கணவர் சிவநேசம் மூன்றாம் தடவையாகக் கீழே போய்க் காரோடு மல்லுக்கட்டிவிட்டு மீசையில் வெள்ளை படிய மேலே வந்தார். செயின்ட்-லோரன்டில் மருந்துக் கம்பனியொன்றின் ஸ்ரோரில் பெட்டி அடுக்குகிறவர் அவர். பெட்டி எவ்வளவு பாரமென்றாலும் தூக்குவார். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதை மட்டும் அவரால் தூக்க முடியாது.

"கார் ஸ்டார்ட் வந்திட்டுது. பத்து நிமிசம் சூடேறட்டும்," என்றார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "கௌரி, இஞ்சை பார். அங்கை போய் ஒண்டும் கதைச்சுப் போடாதை."

"வாயைத் திறக்காமல் சாப்பிடுறது எப்பிடியப்பா?"

"பகிடி விடாதை. வேலையைப் பற்றிக் கேட்டால் ரெஸ்ரோறன்ரிலை சுப்பவைசர் எண்டு சொல்லு. நான் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன்."

"நான் நிலவறையிலை வைனுக்குப் பொறுப்பாய் இருக்கிறன். போத்தல் உடைக்கிறன், மணந்து பாக்கிறன், நல்லதெண்டால் மேசைக்குக் கொண்டுபோய் ஊத்திக் குடுக்கிறன். இதிலை ஒளிக்கிறதுக்கு என்ன இருக்கு?"

"ஒரு பொம்பிளை குடிவகை ஊத்திக் குடுக்கிறாள் எண்டால் அவை என்ன நினைப்பினம்?"

"அதே இடத்திலை நாலு வருசம் கோப்பை கழுவேக்கை ஒருத்தரும் ஒண்டும் நினைக்கேல்லை. இப்ப நினைக்கினமோ?"

சிவநேசம் கையுறையைக் கழற்றி மறுபடி போட்டார். சொல்ல வந்தது இன்னும் வரவில்லை என்று கௌரிக்குத் தெரியும்.

"மாமாவைப் பற்றிக் கேட்டால்… சங்கத்திலை வேலை செய்தவர் எண்டு சொல்லு."

இது சிவநேசத்தின் கெட்டித்தனம். கௌரியின் தகப்பன் செல்லன் கொடிகாமத்துப் பக்கம் பனையும் தென்னையும் ஏறிக் கள்ளுச் சீவியவர். சீவுகிறவர்கள் கள்ளைக் கொண்டுபோய்க் கொடுத்தது கூட்டுறவுச் சங்கத்துக்கு. ஆகவே சங்கம் என்பது பொய்யில்லை. கேட்கிறவர் மேசை, கதிரை, மின்விசிறி என்று தாமாக நினைத்துக்கொண்டால் அது அவர் பாடு. சிவநேசத்தின் தகப்பனும் அதே தொழில்தான். ஆனால் அந்த மனிதரைப் பற்றி யாரும் கேட்கமுன்பே சிவநேசம் தான் சொல்லும் கதையில் அவரைச் சின்ன வயதிலேயே சாகடித்துவிட்டார். உண்மையில் எழுபத்தொன்பது வயதுவரை இருந்து, பேரப்பிள்ளையோடு வீடியோவில் கதைத்துவிட்டுத்தான் அவர் போனார்.

கௌரிக்குக் கோபம் வந்தது. ஆனால் மகள் அறையிலிருந்து சீலை கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ஆஸ்பத்திரியில் நேர்ஸ் உடுப்போடு ஓடித் திரிகிற பிள்ளை, சீலையில் நடக்கத் தெரியாமல் கொய்யக மடிப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அம்மா, நாங்கள் எப்பிடியும் கட்டத்தான் போறம். அது உங்களுக்குத் தெரியும்," என்றாள் வித்தியா. "ஆனா அண்டைக்கு எல்லாரும் வந்து நிக்கவேணும் எண்டு எனக்கு ஆசை. ரெண்டு பக்கமும். இண்டைக்கு ஒரு நாள். சில்-து-ப்ளே, அம்மா."

மகள் தயவாய்க் கேட்பது பிரெஞ்சில் வந்தால் அது உள்ளேயிருந்து வருகிறது என்று கௌரிக்குத் தெரியும். சரி என்று தலையாட்டினாள். இன்றைக்கு ஒரு நாள் வாயைக் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்தாள்.

பாலம் தாண்டும்போது ஆறு முழுக்க உறைந்து கிடந்தது. பனிக்கட்டியின்மேல் சின்னச் சின்னக் கொட்டில் போட்டு, துளை தோண்டித் தூண்டிலோடு ஆட்கள் குந்தியிருந்தார்கள். இல்-பிசாரில் வீட்டுக்கு வீடு இடைவெளி. நடைபாதையில் ஒரு குஞ்சும் இல்லை. கணேசலிங்கத்தாரின் வீட்டு வாசலில் இரண்டு சிங்கங்கள் பனித்தொப்பி போட்டுக்கொண்டு இருந்தன.

"வாங்கோ வாங்கோ! குளிர் கொண்டுபோட்டுதோ?" என்று கணேசலிங்கத்தார் கதவைத் திறந்தார். வீடு வாங்கி விற்கிற தொழில் அவருக்கு, குரலும் அப்படித்தான். மனைவி புஸ்பராணி அவருக்குப் பின்னால், அவர் சிரித்தால் சிரிப்பதற்குத் தயாராக நின்றாள். பிரணவன் வந்து கௌரியின் கோட்டை வாங்கிக்கொண்டான். உயரமான, கூச்சமுள்ள பொடியன். அவளுடைய காதருகில் மெதுவாகச் சொன்னான்.

"அன்ரி, உங்களுக்கு ஒரு சாமான் இருக்கு. சாப்பிடேக்கை பாருங்கோ."

அதைப் பார்க்கச் சாப்பாடுவரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. வரவேற்பறைக்குள் கால் வைத்ததும் சோகேஸ் கண்ணில் பட்டது. மயிலுக்குப் பக்கத்தில் அந்த லேபிள். மங்கிய மஞ்சள் தாள், நடுவில் ஒரு புறாக்கூண்டுக் கோபுரம், கீழே ஷத்தோ வெர்னுசாக், மெடொக், ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றாறு.

கௌரியின் இடக்கை தன்பாட்டில் மூடிக்கொண்டது. சுட்டுவிரலில் நகத்துக்குக் கீழே ஒரு வெட்டுத்தழும்பு உண்டு. லேபிளில் இருந்த அதே வருடம், அதே திராட்சைத் தோட்டத்தில், குலை வெட்டும் கத்தரி பட்டது.

சண்டை துரத்தி, இடம்பெயர்ந்து, எத்தனையோ கைமாறி அவள் பிரான்சுக்கு வந்து சேர்ந்தபோது இருபத்தொரு வயது. கையில் விசாக் கடதாசி ஒன்றும் இல்லை. போர்தோவுக்குப் பக்கத்து வைன் தோட்டங்களில் திராட்சைப் பழம் வெட்ட ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, பாரிசிலிருந்து வான் ஒன்றில் ஒன்பது பேராய்ப் போனார்கள். கூழாங்கல் மண். விடிய ஏழு மணிக்குப் பனிப்புகார் மூடி, முன்னால் குனிந்து வெட்டுகிறவனின் முதுகுகூடத் தெரியாது. பழம் சின்னது, கறுப்பு, தோல் தடிப்பு. மத்தியானம் நீண்ட மேசையில் சூப். கடைசிச் சூப்புக்குள் கொஞ்சம் வைனை ஊற்றிக் கோப்பையோடு தூக்கிக் குடித்துவிட்டு மறுபடி குனிந்துவிடுவார்கள். எட்டாம் நாள் பொலிஸ் வருகிறது என்று ஒரு கதை. கடதாசி இல்லாதவர்களை நிலவறைக்குள் விட்டுப் பூட்டினார்கள்.

மூன்று மணித்தியாலம் பீப்பாய்களுக்கு நடுவில் இருட்டில் இருந்தாள். பயத்தில் மற்றவர்கள் செபித்தார்கள். கௌரி மணந்துகொண்டிருந்தாள். சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் இருந்த வேலையே அதுதான். தகப்பன் கள்ளு இறங்க மரத்தில் கட்டுகிற மண்முட்டிகளை ஒவ்வொன்றாய் மணந்து, பழசு தங்கியதை வேறாக்கிக் கழுவ வேண்டும். ஒரு முட்டி பிழைத்தால் அன்றைய கள்ளு முழுக்கப் புளிக்கும். அந்த இருட்டிலும் ஒரு பீப்பாயில் அதே புளிப்பு அவளுக்குப் பிடிபட்டது. கதவு திறந்ததும் நிலவறைக்காரரின் சட்டையைப் பிடித்து இழுத்துக் காட்டினாள். அவர் முதலில் சிரித்தார். மணந்து பார்த்த பிறகு சிரிக்கவில்லை. அந்தப் பீப்பாயைத் தனியே உருட்டிவிட்டார்கள், பழம் வெட்டி முடிந்து மற்றவர்கள் போக, கௌரியை மட்டும் மாரிக் குளிர்காலம் முழுக்க நிலவறையில் வைத்துக்கொண்டார்கள். அந்த மூக்கைத்தான் அவள் மொன்றியலுக்கும் கொண்டுவந்தாள். கோப்பை கழுவிக்கொண்டிருந்தவள் ஒருநாள் மேசையிலிருந்து திரும்பி வந்த கிளாசை மணந்துவிட்டு, "இந்தப் போத்தல் பழுது, வேறை உடையுங்கோ," என்று முதலாளிக்குச் சொன்னதில் தொடங்கியது அவளுடைய இன்றைய வேலை.

இப்போது அந்த மூக்கு சோகேசுக்கு முன்னால் நின்றது. விளக்குச் சூடு முகத்தில் அடித்தது. போத்தலின் கழுத்தில், வாயை மூடிய தகட்டுக்குக் கீழே, மெல்லிய பிசின்போல ஒரு கோடு வழிந்து காய்ந்திருந்தது. தக்கை காய்ந்து சுருங்கிக் காற்று உள்ளே போய்விட்டது.

"எப்பயிருந்து இதிலை நிக்குது?" என்று பிரணவனைக் கேட்டாள்.

"ஒக்ரோபரிலை ஏலத்திலை எடுத்தனான், அன்ரி. ஒரு டொக்டரின்ரை கேவிலை, நிலவறையிலை, இருந்தது. அப்பாதான் வைச்சவர்," என்றான் அவன் சந்தோஷமாக. "நீங்கள் வேலை செய்த வருசம்தானே? வித்தியா சொன்னவள்."

பிள்ளை ஆசையாய்த் தேடிப் பிடித்திருக்கிறான். "ஓம், அதே வருசம்தான்," என்று மட்டும் சொன்னாள்.

சாப்பாடு மேசை நிறைந்திருந்தது. ஆட்டிறைச்சிப் பிரட்டல், கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, றால் சொதி, முருங்கையிலை வறை. புஸ்பராணி விடியவே எழும்பியிருக்க வேண்டும். கறியைப் போட்டுக்கொண்டே கணேசலிங்கத்தார் விசாரணையைத் தொடங்கினார்.

"கொடிகாமத்திலை எந்தப் பக்கம் எண்டு சொன்னனீங்கள்?"

"சந்தைக்குக் கிட்ட," என்றார் சிவநேசம் அவசரமாக.

"சந்தைக்கு வடக்கையோ தெற்கையோ? ஏனெண்டால் வடக்கை எங்கடை பெரியம்மா ஆக்கள் இருந்தவை. கோயிலடியிலை இருக்கிற எல்லாரையும் தெரியும்."

கணேசலிங்கத்தார் மொன்றியலுக்கு வந்து முப்பத்தைந்து வருடமாகியும் இந்தக் கேள்வி மட்டும் விமானத்தில் கூடவே வந்து கூடவே குடியேறிவிட்டது. வடக்கும் தெற்கும் திசைக்காகக் கேட்பதில்லை, என்ன ஆட்கள் என்று அறியக் கேட்பது. சிவநேசம் சோற்றைப் பிசைந்துகொண்டு, "எல்லாம் இடம்பெயர்ந்து குழம்பிப் போச்சு, அண்ணை," என்றார்.

"மாமா சங்கத்திலை வேலை எண்டீங்கள். மனேஜரோ?"

"ம்… அப்பிடித்தான்."

கௌரி கணவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே மகளின் கை வந்து அவளுடைய முழங்காலைப் பிடித்தது. கௌரி இறைச்சித்துண்டு ஒன்றை வாயில் போட்டு மென்றாள். அது எப்போதோ கரைந்துவிட்டது, அவள் மென்றுகொண்டே இருந்தாள்.

கணேசலிங்கத்தார் எழுந்து போய்ச் சோகேசைத் திறந்து, போத்தலைக் கழுத்தில் பிடித்து, நல்லாய்க் குலுங்க நடந்து கொண்டுவந்து மேசையில் வைத்தார். அடியில் இருபத்தெட்டு வருடமாய்ப் படிந்த மண்டி முழுக்கக் கலங்கியது.

"இது சும்மா வைன் இல்லை," என்றார். இன்ரர்நெற்றில் பாடமாக்கியிருந்தார் என்று தெரிந்தது. "ஷத்தோ வெர்னுசாக். இருநூறு வருசமாய் ஒரே குடும்பம். ஏழு தலைமுறை. வெளியாள் ஒருத்தன் உள்ளுக்கை வந்ததில்லை. பரம்பரை எண்டால் அதுதான். ஆள் சுத்தமாய் இருந்தால் சரக்கும் சுத்தமாய் இருக்கும்."

சொல்லிக்கொண்டே திருகினார். தக்கை பாதியில் உடைந்தது. மிச்சத்தைக் கரண்டிக் காம்பால் உள்ளே தள்ளினார். கௌரியின் கை தானாய் எழும்பியது. அதை மடிக்கு இறக்கி வைத்தாள். அவர் தன் கிளாசில் கொஞ்சம் ஊற்றி, சுழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, ஒரு வாய் குடித்து, கண்ணை மூடினார். இந்தச் சடங்கு எதற்கென்று கௌரிக்குத் தெரியும். போத்தல் பழுதா என்று பார்த்துப் பழுதென்றால் திருப்பி அனுப்புவதற்குத்தான் முதல் வாய். அருமை என்று சொல்வதற்கல்ல.

"அருமை!" என்றார் கணேசலிங்கத்தார்.

எல்லாருக்கும் ஊற்றினார். புஸ்பராணி ஒரு மிடறு குடித்து, முகத்தில் ஒன்றும் காட்டாமல், "அருமை," என்றாள். சிவநேசமும், "நல்லாயிருக்கு, அண்ணை," என்றார்.

கௌரி கிளாசை மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே முகத்திலடித்தது. வெந்த திராட்சையும் புளிப்பும். செத்துப்போன வைன். பிரணவன் எதிரே இருந்து அவளுடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். விழுங்கிவிடலாம். ஒரு வாய்தானே. விழுங்கிவிட்டுச் சிரித்தால் கலியாணத்துக்கு எல்லாரும் வந்து நிற்பார்கள். அவள் உண்மையிலேயே கிளாசை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.

அந்த நேரம் பார்த்துக் கணேசலிங்கத்தார் சிரித்தார். "எங்கடை ஊரிலையும் இருந்துதே ஒண்டு, கள்ளு! கண்டவன் நிண்டவன் எல்லாம் ஏறி இறக்கினது. அதுக்கும் இதுக்கும் எங்கை பொருத்தம்? சிலதுகளுக்குப் பிறப்பிலையே இருக்கோணும்."

கௌரி கிளாசைக் கீழே வைத்தாள்.

"நீங்கள் கள்ளுக் குடிக்கேல்லையோ, அண்ணை?"

"இளந்தாரி வயசிலை குடிச்சதுதான். ஆர் குடிக்கேல்லை?"

"புளிச்சதெண்டால் குடிப்பியளோ?"

"சீ! துப்பிப்போட்டுச் சீவினவனை நல்லாய்க் கிழிப்பன்."

"அப்ப இதையும் துப்புங்கோ. இது புளிச்சுப் போச்சு."

மேசையில் எல்லாக் கையும் நின்றது. "கௌரி!" என்றார் சிவநேசம்.

"காடியாய், வினாகிரியாய் ஆகப்போற வைன் இது, அண்ணை. லைற்றுக்குக் கீழை, ஹீற்றருக்கு மேலை, நிமித்தி வைச்சதிலை செத்துப்போச்சு. நீங்கள் அருமை எண்டு சொன்னது லேபிளை."

கணேசலிங்கத்தாரின் முகம் கறுத்தது. "தங்கச்சி, ரெஸ்ரோறன்ரிலை சுப்பவைசராய் இருந்தால் எல்லாம் தெரியும் எண்டில்லை. இது ஏழு தலைமுறை…"

"சுப்பவைசர் இல்லை. வைன் ஊத்திக் குடுக்கிறவள் நான். பதினெட்டு வருசமாய். அந்த ஏழு தலைமுறையிலை ஒருத்தரும் குனிஞ்சு ஒரு குலை வெட்டினதை நான் காணேல்லை, அண்ணை. வெட்டினது நாங்கள். இந்தப் போத்தலுக்குள்ளை இருக்கிற பழத்தை இந்தக் கைதான் வெட்டினது." இடக்கை விரலை மேசைக்கு மேலே நீட்டினாள். "பாருங்கோ. வெளியாள் ஒருத்தன் உள்ளுக்கை வரேல்லை எண்டீங்கள். வெளியாக்களைத்தான் நிலவறைக்குள்ளை பூட்டி வைச்சிருந்தவை."

"அம்மா," என்றாள் வித்தியா. கௌரி மகளைப் பார்த்தாள். நிறுத்தச் சொல்கிறாளோ என்று நினைத்தாள். வித்தியாவின் கண் கலங்கியிருந்தது, ஆனால் கை இன்னும் அவளுடைய முழங்காலை இறுக்கிப் பிடித்தபடிதான் இருந்தது. "சொல்லுங்கோ அம்மா. முழுக்கச் சொல்லுங்கோ."

"என்ரை அப்பா மனேஜர் இல்லை. செல்லன் எண்டு பேர். நாளுக்கு நாப்பது மரம் ஏறிக் கள்ளுச் சீவினவர். சங்கத்துக்குக் கள்ளுக் குடுத்தவர். சந்தைக்குத் தெற்கை. நீங்கள் கேக்க வந்தது அதுதானே? அவர் ஒருநாளும் புளிச்சதை நல்லதெண்டு ஆருக்கும் ஊத்தேல்லை. அந்த மூக்குத்தான் எனக்கு. பிறப்பிலையே வந்தது."

பிரணவன் தன் கிளாசை எடுத்து ஒரு வாய் குடித்தான். முகம் சுளித்து, கடதாசிச் சவுக்கத்தில் துப்பினான். "அப்பா, அன்ரி சொல்லுறது சரி. இது வினாகிரி."

"நீ பேசாமல் இரு!" கணேசலிங்கத்தார் எழுந்துவிட்டார். "சிவநேசம், இப்பிடி மூடி மறைச்சுக் கொண்டுவந்து… நாங்கள் இந்தச் சம்பந்தத்தைப் பற்றி யோசிக்கோணும்."

"யோசியுங்கோ," என்றாள் கௌரி. "நாங்களும் யோசிப்பம். பிரணவன் தங்கமான பிள்ளை, அவனுக்குக் குடுக்க எனக்கு முழு விருப்பம். உங்கடை வீட்டுக்கு விடுறதோ எண்டதைத்தான் யோசிக்கோணும்."

எழுந்து கையைக் கழுவினாள். புஸ்பராணியிடம், "சமையல் நல்லாயிருந்தது, அக்கா. கத்தரிக்காய் விசேஷம்," என்றாள். அது உபசாரமில்லை, உண்மை. பிரணவன் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தான். மற்றக் கையில் போத்தல் இருந்தது.

"இது உங்களுக்கெண்டு வாங்கினது, அன்ரி. பழுதாய்ப் போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பழுதானதெண்டு எறியிறதே? தாங்கோ."

காருக்குள் போத்தல் கௌரியின் இரண்டு பாதத்துக்கும் நடுவில், வாயில் கடதாசி அடைத்தபடி இருந்தது. கார் பாலத்தில் ஏறியது.

"நாசமாக்கிப் போட்டாய்," என்றார் சிவநேசம் கடைசியில்.

"நாசமாகினது வைன். நான் இல்லை."

பின்னால் வித்தியா சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். மகளின் ஆசையை ஒரு மத்தியானத்தில் உடைத்துவிட்டது கௌரிக்குத் தெரியாததல்ல. ஆனால் தகப்பனின் பெயரை அந்த மேசையில் சொன்னபோது உடம்பில் ஏறிய பலம் இன்னும் இறங்கவில்லை. அதற்காக அவள் வருந்தத் தயாராக இல்லை.

அடுத்த நாள் வேலையிலிருந்து வரும்போது சமையற்காரனிடம் வினாகிரிச் சாடியின் தாயில், அதாவது வைனை வினாகிரியாக்குகிற அந்தப் படையில், ஒரு துண்டு கேட்டு வாங்கிவந்தாள். வழுவழுவென்று ஈரல்துண்டுபோல இருக்கும் அது. வைனை வடித்துக் கண்ணாடிச் சாடியில் ஊற்றி, அந்தத் தாயை உள்ளே விட்டு, வாயைத் துணியால் கட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் தலையில் வைத்தாள். புளிச்ச கள்ளைச் செல்லன் ஒருநாளும் கொட்டியதில்லை. சாடியில் விட்டு வினாகிரியாக்கி விற்பார்.

இல்-பிசாரிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. பிரணவன் மட்டும் வழமைபோல வந்தான், சாப்பிட்டான், போனான். வீட்டில் புளிப்பு மணம் ஏறிக்கொண்டு வந்தது. சிவநேசம் மூக்கைப் பொத்திக்கொண்டு திரிந்தார். மனைவியோடு தேவைக்கு மட்டும் பேசினார். மார்ச் கடைசியில், தெருவோரப் பனி கறுத்து உருகும் நாட்களில், ரொறன்ரோவிலிருந்து ஒரு சொந்தக்காரர் போன் எடுத்தார். கௌரி வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டிருந்தாள்.

"ஓம்… ஓம், கதை உண்மைதான்," என்றார் சிவநேசம். கொஞ்ச நேரம் மறுமுனையைக் கேட்டார். பிறகு அவருடைய குரல் உயர்ந்தது. "என்ன அவமானம்? மாமா மரம் ஏறினவர். என்ரை அப்பாவும் ஏறினவர்தான். ஏறித்தான் என்னைப் படிப்பிச்சவர். இல்லை, சின்ன வயசிலை சாகேல்லை. எழுபத்தொன்பது வயசு. நான்தான் பொய் சொன்னனான்."

போனை வைத்துவிட்டு வந்து குளிர்சாதனப் பெட்டியின் தலையை எட்டிப் பார்த்தார். "உது எப்ப சரிவரும்?" என்று கேட்டார். கௌரி வெங்காயத்தின் சாட்டில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் போய் மே வந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, கௌரிக்கு லீவு நாள். மணி அடித்தது. கதவைத் திறந்தால் புஸ்பராணி. தனியே. மூச்சு வாங்கிக்கொண்டு, ஒரு கையில் பயற்றம் பணியாரப் பெட்டி வைத்த பையும் மறு கையில் பஸ் துண்டும்.

"ரெண்டு பஸ், ரெண்டு மெட்ரோ மாறி வந்தனான்," என்றாள். "இருவது வருசத்துக்குப் பிறகு மெட்ரோவிலை ஏறியிருக்கிறன். அவருக்குச் சொல்லேல்லை."

கௌரி தேத்தண்ணி ஊற்றினாள். புஸ்பராணி கதிரை நுனியில் இருந்துகொண்டு சுற்றிவரப் பார்த்தாள். இரண்டு மிடறு குடித்த பிறகுதான் சொல்லவந்தது வந்தது.

"அண்டைக்கு வாயிலை வைச்ச உடனையே எனக்கும் தெரிஞ்சுது, கௌரி. மூண்டு நாள் நெஞ்செரிவு. ஆனா முப்பத்திரண்டு வருசமாய் அவர் அருமை எண்டால் நானும் அருமை எண்டுதான். பழகிப்போச்சு. நீங்கள் எழும்பிக் கதைக்கேக்கை எனக்கு உடம்பெல்லாம் நடுங்கினது. பயத்திலை எண்டு நினைச்சன். பேந்து யோசிச்சால் அது பயமில்லை."

"அண்ணை என்ன சொல்லுறார்?"

"இன்னும் முறுக்கிக்கொண்டுதான். சோகேசிலை அந்த இடம் வெறுமையாய்க் கிடக்கு. வாற ஆக்கள் கேக்கினம், எங்கை அந்தப் போத்தல் எண்டு. அவர் கதையை மாத்திப்போடுறார்." புஸ்பராணி கோப்பையைக் கீழே வைத்தாள். "ஆவணியிலை நாள் பாத்திருக்காம், பிரணவன் சொன்னவன். அவர் வந்தால் வரட்டும். நான் வந்து நிப்பன். என்ரை பிள்ளையின்ரை கலியாணம். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

கௌரி அவளுடைய கையைப் பிடித்தாள். எழுந்து போய் அலுமாரியைத் திறந்து அந்தப் போத்தலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள்.

அதே போத்தல்தான். கழுவித் துடைத்து, உள்ளே தெளிந்த செந்நிறத்தில் வினாகிரி. கூண்டுக் கோபுரம் போட்ட பழைய லேபிளை அவள் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே இன்னொன்று ஒட்டியிருந்தாள், வெள்ளைத் தாளில், தன் கையெழுத்தில். புஸ்பராணி மூக்குக்கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு சத்தமாய் வாசித்தாள்.

"கொடிகாமம், சந்தைக்குத் தெற்கு. கள்ளுச் சீவிய செல்லனின் மகள் கௌரி. பழம் வெட்டியதும் வினாகிரி ஆக்கியதும்."

பெரிய எழுத்தில், பத்தடி தள்ளி நின்றாலும் தெரிகிறமாதிரி எழுதியிருந்தாள்.

"இதை அவர் வாசிச்சால்?" என்றாள் புஸ்பராணி.

"வாசிக்கத்தானே அக்கா எழுதினது. வாற ஆக்களும் வாசிக்கட்டும்."

புஸ்பராணி லேபிளை இன்னொரு தடவை வாசித்தாள். பிறகு அவளுடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று விளங்கக் கௌரிக்குக் கொஞ்சம் நேரம் எடுத்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கழுத்துச் சால்வையைக் கழற்றிப் போத்தலைச் சுற்றி, பையின் அடியில் பணியாரப் பெட்டி இருந்த இடத்தில், குழந்தையைக் கிடத்துகிறமாதிரிப் பக்குவமாய்ப் படுக்கவைத்தாள்.

"படுக்கவைக்கத் தேவையில்லை, அக்கா," என்றாள் கௌரி. "சோகேசிலை நிமித்தியே வையுங்கோ, லைற்றுக்கு நேர் கீழை. ஹீற்றரையும் போட்டு விடுங்கோ. இது இனிக் கெடாது."